தலைக்கு மேலே போகும் கரண்ட்

ஆடி பிறந்த கையோடு கிளம்பினேன். தென் மாவட்டங்களில் காற்று உச்சத்தில் இருக்கும் மாதம். மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்கள் வழியே புகுந்து வரும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி நாம்தான். 2070-க்குள் கரிம உமிழ்வை நிகர பூஜ்ஜியமாக்குவோம் என்று 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. டெல்லியிலும் சென்னையிலும் இதைப் பேசுகிறவர்கள் மெகாவாட் கணக்கில் பேசுகிறார்கள். அந்த மெகாவாட்டுகள் நிற்கும் ஊர்க்காரர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நிலக்கரியை விட்டுக் காற்றுக்கும் வெயிலுக்கும் மாறுவதை அவர்கள் விரும்புகிறார்களா, வெறுக்கிறார்களா, அல்லது கண்டுகொள்வதே இல்லையா?

அருப்புக்கோட்டையைத் தாண்டிக் கமுதி நோக்கிப் பேருந்து போகும்போது இருபுறமும் சீமைக்கருவேலம்தான். இடையிடையே கரிசல், வறண்ட கண்மாய், பனை. ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று அதிகாரிகளை மிரட்டிய காலத்தில் அந்தக் காடு என்று சொல்லப்பட்டது இந்த ராமநாதபுரம் சீமைதான். எந்த வெயிலுக்குப் பயந்து ஊழியர்கள் இடமாற்றத்தை ரத்து செய்ய அலைந்தார்களோ, அந்த வெயிலைத் தேடித்தான் பெரும் முதலீடு வந்தது. கமுதி அருகே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016 செப்டம்பரில் திறக்கப்பட்டபோது, ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அது உலகிலேயே பெரியது என்றார்கள். ஏறத்தாழ 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல்கள். அந்த மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு தர மின்வாரியம் ஒப்பந்தம் போட்டிருந்தது. அடுத்த ஆண்டே, 2017 ஜூலை ஏலத்தில், தமிழ்நாட்டில் சூரிய மின்சாரத்தின் விலை 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கிவிட்டது. வெயில் மின்சாரம் பணக்கார நாடுகளின் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாயை அந்த ஓர் ஏலம் அடைத்தது. அதன் பிறகு சுற்று மாவட்டங்களிலும் சூரியப் பூங்காக்கள் வரிசையாக வந்தன.

சாலையோரம் புகை கண்டு இறங்கினேன். கரிமூட்டம். சீமைக்கருவேல விறகைக் குத்துக்குத்தாக நிறுத்தி வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, ஈர மண்ணைப் பூசி மூடியிருந்தார்கள். அடியில் சின்னச் சின்னத் துளைகள். தீ உள்ளே எரியக் கூடாது, கனன்றுகொண்டே இருக்க வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் விறகு சாம்பலாகிவிடும். அதனால் இரவிலும் ஒருவர் காவல் இருப்பார். புகை வெள்ளையாக வரும்வரை விறகில் ஈரம் இருக்கிறது. நீலம் தட்டி மெலிந்தால் கரி ஆகிவிட்டது. மூட்டத்துக்குக் காவலிருந்தவர் இதையெல்லாம் புகையைப் பார்த்தபடியே சொன்னார். முகம், கை, வேட்டி எல்லாம் கரி. அவருக்குப் பின்னால், இரண்டு வயல் தள்ளி, வேலிக்குள் பேனல்கள் தெற்கே பார்த்துச் சாய்ந்து நின்றன.

“அதால ஒங்களுக்கு என்ன லாபம், என்ன நட்டம்?” என்று கேட்டேன்.

“பேனல் மேல எனக்கு என்னண்ணே கோவம்? அது பாட்டுக்கு நிக்கிது. சத்தமில்ல, பொகையில்ல. வித்தவுக வித்துட்டாக, வாங்குனவுக வேலி போட்டுட்டாக. கட்டும்போது ரெண்டு வருசம் எல்லாருக்கும் வேலை கெடச்சுச்சு. இப்ப உள்ள இருக்கறவுக கொஞ்சப் பேருதான். விறகு வெட்டப் போற காடு கொறஞ்சு போச்சு. அம்புட்டுத்தான்.”

ஆடு ஓட்டி வந்த அம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “கம்மாய்க்கு நேரா போயிருவோம் முன்னெல்லாம். இப்ப வேலியச் சுத்திப் போகணும். ஆட்டுக்கு அது தெரியுதா? பழகின தடத்துலயே போய் கம்பியில முட்டுது” என்றார். பட்டா நிலத்தை விற்றவருக்குப் பணம் கிடைத்தது. அந்த நிலத்தில் காலங்காலமாக ஆடு மேய்த்தவருக்கும், விறகு பொறுக்கியவருக்கும், குத்தகைக்கு மிளகாய் போட்டவருக்கும் எந்தப் பத்திரத்திலும் பெயர் இல்லை. அதனால் அவர்கள் பங்கு கணக்கிலும் இல்லை. தரிசு என்று கோப்பில் எழுதப்பட்ட நிலத்தில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பதை, மூட்டத்தின் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்தால் போதும், கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

சாயல்குடி வழியே கடலோரச் சாலையைப் பிடித்துத் தூத்துக்குடி வந்தேன். துறைமுகத்தை ஒட்டி அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். தலா 210 மெகாவாட் கொண்ட ஐந்து அலகுகள். கப்பலில் வரும் நிலக்கரியில் ஓடுபவை. சாம்பல் லாரி ஓட்டும் இளைஞர் ஒருவரோடு டீ குடித்தேன். நிலக்கரியை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சை அவரும் கேட்டிருக்கிறார். “நிறுத்தட்டும் சார், நல்லதுதான். எங்கம்மாவுக்கு இளைப்பு இருக்கு. ஆனா பெர்மனன்ட் ஆளுகளுக்கு வேற எடத்துல வேலை போட்டுக் குடுப்பாங்க. கான்ட்ராக்ட்ல ஓடுற நாங்க?” என்றார். இந்தக் கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை. மூச்சுத்திணறும் அம்மாவும் சாம்பலால் ஓடும் அடுப்பும் ஒரே வீட்டில் இருக்கும்போது, ‘நீ இதற்கு ஆதரவா எதிர்ப்பா’ என்று கணக்கெடுப்புக்காரர் கேட்டால் அவர் எந்தக் கட்டத்தில் டிக் போடுவார்?

அதே ஊரின் தெற்கே திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காடு. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் இங்கேதான் சோதனையாக நிறுவப்பட்டது. ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்று ஒரே காற்றாலை இரண்டு, மூன்று மெகாவாட் தருகிறது; முள்ளக்காட்டு இயந்திரங்களில் நாற்பது, ஐம்பதைச் சேர்த்தால்தான் அதற்கு ஈடாகும். வரலாறு தொடங்கிய இடத்தில் உப்பளமும் வெயிலும் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. கயத்தாறுக்குப் பேருந்து ஏறினேன்.

கயத்தாறு என்றால் 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்றே படித்திருக்கிறோம். நாற்கர சாலையில் போகிறவர்களுக்கு இப்போது அது காற்றாடிகளின் ஊர். தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமும் இங்கே இருக்கிறது. (காற்றாலை என்பது எழுத்தில்தான். இந்தப் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை, காத்தாடிதான்.) நான் போன இரவு, புதுக் காற்றாடி ஒன்றின் இறக்கை ஊருக்குள் வந்தது. நாலு பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளம். முன்னால் ஜீப் ஒன்று விளக்கைச் சுழற்றிக்கொண்டு வர, பின்னால் தனியே திரும்பும் சக்கரங்களோடு இழுவை லாரி. முக்குத் திருப்பத்தில் கம்பி தடுத்தது. லைன்மேன் போன் செய்து தெரு லைனை அணைக்கச் சொன்னார். விளக்குகள் போயின. ஒருவர் நீளமான மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடிக்க, இறக்கை அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. சிறுவர்கள் கைதட்டினார்கள். திண்ணையில் விசிறிக்கொண்டிருந்த பெரியவர், “போன வாரமும் இப்படித்தான் அணைச்சாவ” என்றார்.

மறுநாள் அவரோடு பேசினேன். உளுந்தும் கம்பும் போடும் மானாவாரி விவசாயி. மழை இரண்டு வருடமாகச் சரியில்லை. “காத்தாடி மேகத்தக் கலைச்சு விட்டுருது தம்பி. முந்தியெல்லாம் அந்த மலைப்பக்கம் கறுத்தா இங்க பெய்யும். இப்ப கறுக்கும், கலைஞ்சிரும்” என்றார். இதை இந்த வட்டாரத்தில் வேறு பலரும் சொன்னார்கள். உண்மை அப்படி இல்லை என்று அவரிடமே சொன்னேன். காற்றாடியின் தலை நூறு மீட்டர் உயரம், அதைவிடக் கொஞ்சம் கூட. மழை மேகம் அதற்கு எத்தனையோ மடங்கு மேலே. காற்றாடி மழையைத் துரத்துகிறது என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நீங்க படிச்சவிய, சொல்லுதிய. எங்களுக்கு அதால ஒண்ணும் வரல, மழையும் வரல. ரெண்டையும் சேத்துத்தான பாக்கத் தோணும்?” என்றார்.

அவர் சொன்ன பதில் வழியெல்லாம் என்னோடு வந்தது. காற்றாடி மழையைக் கெடுக்கிறது என்று, காற்றாடியில் பங்கு வைத்திருக்கும் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. கிராமத்து மக்களுக்கு அறிவியல் தெரியவில்லை, விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும் என்று அதிகாரிகள் பேசுவார்கள். முகாம் நடத்தலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பெரியவருக்குக் குறை அறிவில் இல்லை, பங்கில் இருக்கிறது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் இறங்கியதும் காற்று வேட்டியைப் பிடுங்கியது. கேரளத்திலிருந்து மலை இடுக்கு வழியாக நெருக்கிக்கொண்டு வரும் காற்று இங்கே வேகம் பிடிக்கிறது. முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் வாசலில் லாரிகள் நின்று, தேங்காய் உடைத்து, கிளம்பிக்கொண்டிருந்தன. கோயிலுக்கு நான்கு திசையிலும் காற்றாடிகள். பழைய குட்டைக் காற்றாடிகள் கிறுகிறுவென்று சுற்ற, அவற்றுக்கு மேலே தலை நீட்டி நிற்கும் புதியவை நிதானமாகச் சுழல்கின்றன. கீழே நின்றால் ஒவ்வோர் இறக்கையும் இறங்கும்போது ஒரு ‘ஹூம்’. பக்கத்தில் வீடு இருப்பவர்களுக்கு இது ராத்திரி முழுக்க உண்டு.

இந்தக் காடு 1990-களில்தான் நிறைந்தது. அதற்குக் காற்று மட்டும் காரணமில்லை. வருமான வரியும் காரணம். காற்றாலை வைத்தால் அதன் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று அன்றைய விதி இருந்தது. கோவை, திருப்பூர், ராஜபாளையம் மில்காரர்கள் வந்தார்கள். இங்கே சுற்றும் யூனிட்டை மின்வாரிய லைனில் ஏற்றி, அங்கே தங்கள் மில்லின் பில்லில் கழித்துக்கொள்ளலாம். காற்றடிக்கும் மாதத்தில் மிஞ்சியதை வாரியத்திடம் வரவு வைத்துக் காற்றில்லாத மாதத்தில் எடுத்துக்கொள்ளவும் வழி இருந்தது. நல்ல ஏற்பாடு. இதைக் குறை சொல்ல மாட்டேன். இந்தியாவில் காற்று மின்சாரம் வேரூன்றியதே இந்த ஏற்பாட்டால்தான். ஆனால் காற்றும் நிலமும் ஓர் ஊரில், மீட்டரும் லாபமும் வேறோர் ஊரில் என்ற கோலம் அன்று போட்டதுதான்.

காற்றாடிப் பண்ணையில் இருபது வருடத்துக்கு மேல் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் பனை நிழலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பாவின் நிலத்திலும் ஒரு காற்றாடி நிற்கிறது. “கேட்ட வெலைக்குக் குடுத்தோம், பாத்துக்கிடுங்க. அந்த மண்ணுல என்ன வெளஞ்சுது? காத்துதான் வெளஞ்சுது. அது வெளச்சல்னு எங்களுக்கு அப்ப தெரியலல்லா” என்றார். வருத்தத்தோடு சொல்லவில்லை. மகன் டெக்னீஷியனாகக் காற்றாடி ஏறுகிறான். ராஜஸ்தான் வரை வேலைக்குப் போய் வந்திருக்கிறான். அதில் அவருக்குப் பெருமை. ஆனால் விற்காமல் குத்தகைக்கு விட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டுக் காட்டியதையும் பார்த்தேன். பழைய காற்றாடிகளைக் கழற்றிப் புதியவை வைக்கத் தமிழக அரசு 2024-இல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. அதே இடத்தில் பல மடங்கு மின்சாரம் வரும். உரிமையாளர்களும் வாரியமும் அதன் விதிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். நிலத்தை முதலில் கொடுத்த ஊருக்கு இந்த இரண்டாம் சுற்றிலாவது ஏதும் உண்டா என்ற பேச்சை நான் எங்கும் கேட்கவில்லை.

அங்கிருந்து காவல்கிணறு, ராதாபுரம் வழியாகக் கடலுக்குப் போகும் சாலை முழுக்கக் காற்றாடிகள் உடன் வருகின்றன. சட்டென்று அவற்றின் இடையே இரண்டு வெளிர்நிறக் கும்மட்டங்கள் தெரியும். கூடங்குளம். 1988-இல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் போட்ட ஒப்பந்தம். தலா 1,000 மெகாவாட் கொண்ட முதல் இரு உலைகள் 2013-லும் 2016-லும் மின் தொகுப்பில் இணைந்தன. மேலும் நான்கு உலைகளுக்கான வேலை நடக்கிறது. கரிம உமிழ்வுக் கணக்குப் புத்தகத்தில் அணுவும் காற்றும் வெயிலும் ஒரே பத்தியில் வரும். உலைக்குப் பக்கத்து மீனவ ஊரான இடிந்தகரையில் அப்படி வராது.

2011-இல் புகுஷிமா விபத்துக்குப் பின், புனித லூர்து அன்னை ஆலயத்தின் முன்பு பந்தல் போட்டு, சுப. உதயகுமார் தலைமையில் உலையை எதிர்த்து ஊரே தொடர் உண்ணாவிரதம் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப்புகையும்; அதே நாளில் மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர் அந்தோணி ஜான் இறந்தார். 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையத்தை இயக்க அனுமதித்தது.

ஆலயத்துக்குப் பின்தெருவில், மடியில் சொளகு வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்களோடு உட்கார்ந்தேன். இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, தூள் வைத்து, உருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கும் வேலை. பேச்சு நிற்கும், விரல் நிற்காது. அன்றைக்குப் பந்தலில் இருந்தவர் ஒருவர் சொன்னார்: “எங்களுக்குக் கரண்டு புடிக்கலன்னு பேப்பர்ல போட்டாங்க. எங்க வீட்டுலயும் மிக்சி ஓடுது, பேன் ஓடுது. சுத்தி நிக்கிற காத்தாடிய எதுத்து இந்த ஊர்ல யாராவது ஒரு வேளை பட்டினி கெடந்தாங்களா? கேட்டுப் பாருங்க.” சுனாமியில் கடல் உள்ளே வந்ததைப் பார்த்தவர்கள் இவர்கள். ஜப்பானில் கடல் அணுஉலைக்குள் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எழுந்த பயத்தைப் பாமரப் பயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அதே நேரம், உலையை வேண்டுமென்றவர்களையும் நான் மறக்கவில்லை. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்தது. “லேத்து மிஷின முன்னால வச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டு வருமான்னு முழிச்சிக் கெடந்தவன் நான். எது ஓடினாலும் சரி, ஓடுனா போதும்னு இருந்துச்சு அண்ணாச்சி” என்றார் வள்ளியூரில் பட்டறை வைத்திருப்பவர். அதே காலத்தில்தான், லைன் போதாததால் காற்றுப் பருவத்திலேயே காற்றாடிகளை நிறுத்தச் சொன்ன கொடுமையும் நடந்தது. இடிந்தகரையையும் வள்ளியூர்ப் பட்டறையையும் எதிரெதிரே நிறுத்தியது அணு மட்டுமல்ல. லைன் போடாத அலட்சியத்துக்கும் அதில் பங்கு உண்டு.

கடலிலும் காற்றாலை வரப்போகிறது. குஜராத், தமிழ்நாடு கடலோரங்களில் தலா 500 மெகாவாட்டுக்கு 7,453 கோடி ரூபாய் திட்டத்தை 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஏற்றது. ஆடிக் கடல் கொந்தளித்ததால் கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் வலை பழுது பார்த்தவரிடம் இதைச் சொன்னேன். எதிர்ப்போ ஆதரவோ சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்டார்: தூணைச் சுத்தி எவ்வளவு தூரம் வலை போடக் கூடாது? கேபிள் எந்தப் பாரு வழியா வரும்? வலை சிக்கிக் கிழிஞ்சா யாரு குடுப்பா? டெண்டர் ஆவணம் எழுதுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. இவருடைய கடலில் எங்கே பாறை, எங்கே சேறு என்று இவருக்குத் தெரியும். அவரை அழைத்துக் கேட்க ஒரு நாள் போதும்.

கொங்கு நாட்டில் நிலைமை வேறு. திருப்பூர், கோவை முதலாளிகளில் பலர் இந்தத் தென்கோடிக் காற்றாடிகளின் சொந்தக்காரர்கள். துணி வாங்கும் ஐரோப்பிய நிறுவனங்கள் எந்த மின்சாரத்தில் நெய்தாய் என்று கேட்கத் தொடங்கிவிட்டதால், காற்றாடி இப்போது வியாபாரத்துக்கே தேவை. வீடுகளிலும் பேச்சு நடக்கிறது. பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024-இல் வந்த பிறகு, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் மாடியில் பேனல் போடலாமா என்று கேட்காத தெரு இல்லை. பல்லடத்தில் நான் தங்கிய வீட்டு ஆசிரியர் மின்கட்டண அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, நூறு யூனிட் இலவசம் போக எவ்வளவு கட்டுகிறோம், போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். பூமி சூடாவதைப் பற்றியும் கவலைப்படுகிறார். ஆனால் முடிவு பென்சில் கணக்கில்தான்.

ஊருக்கு வெளியே அதே மின்சாரத்தின் மீது கோபம் கனன்றுகொண்டிருக்கிறது. காற்றும் வெயிலும் விளையும் இடத்திலிருந்து மின்சாரத்தைக் கொண்டுபோக உயர்மின் கோபுரங்கள் வேண்டும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரும் 800 கிலோவோல்ட் லைன் 6,000 மெகாவாட் சுமக்கும். வடக்கிலிருந்து கொண்டுவரவும், தெற்கே காற்று மிஞ்சும்போது வடக்கே அனுப்பவும் அதனால் முடியும். நிலக்கரியைக் குறைக்க வேண்டுமானால் இப்படிப்பட்ட லைன்கள் இல்லாமல் ஆகாது. 2018 டிசம்பரில் அந்த லைனுக்கும் மற்ற உயர்மின் கோபுரங்களுக்கும் எதிராக ஈரோடு, திருப்பூர், கோவை விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தரும் அதிகாரத்தை வைத்து இன்றும் அவர்கள் தோட்டத்தில் கோபுரம் நடலாம். நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கும்.

பொழுது சாயும் நேரம் ஒரு விவசாயி என்னைத் தன் தோட்டத்துக்குள் கூட்டிப்போனார். தலைக்கு மேலே 400 கிலோவோல்ட் லைன் கொர்ரென்று இரைந்தது. மோட்டார் ரூமிலிருந்து பழைய டியூப்லைட் ஒன்றை எடுத்து வந்து, “புடிங்க இத, நிமுத்திப் புடிங்க” என்றார். எந்த வயரிலும் சேராத வெறும் குழல். லைனுக்கு நேர் கீழே போனதும் என் கையில் அது வெளிறிய நீலமாக எரியத் தொடங்கியது. கொஞ்சம் தள்ளினால் மங்குகிறது, திரும்ப வந்தால் தெளிகிறது. கம்பியைச் சுற்றியுள்ள மின்புலம் குழலுக்குள் இருக்கும் வாயுவைத் தூண்டுவதால் வரும் ஒளி அது. அதனால் மட்டும் உடம்புக்குக் கேடு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தினமும் இதன் கீழே தண்ணீர் கட்டப் போகிறவருக்கு அந்த வெளிச்சம் எப்படித் தெரியும் என்பது, அதைக் கையில் பிடித்தால்தான் புரிகிறது.

“தென்னைய வெட்டிப்போட்டாங்க. காட்டு வெலை பாதிக்குக் கேக்கறாங்க. ஏனுங்க, செல்போன் டவர் வெச்சா மாசாமாசம் வாடகை தர்றாங்க. இதுல எத்தனை கோடிக்குக் கரண்ட் போகுது? ஒருக்கா ஒரு தொகையைக் குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காம போயிடறாங்க” என்றார். மாத வாடகை கேட்கும் இந்தக் கோரிக்கையைப் பேராசை என்று சொன்ன அதிகாரிகளையும் எனக்குத் தெரியும். அது மிக நியாயமான கோரிக்கை என்பது என் எண்ணம். வாடகை தந்தால் லைன் விலை கூடும்; கூடட்டும். எதிர்ப்பால் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடக்கும் லைனைவிட வாடகை தரும் லைன் மலிவு.

கடைசியாக மேட்டுப்பாளையம் பக்கம், நீலகிரி அடிவாரத்தில் இருக்கும் ஓடந்துறைக்குப் போனேன். கதை கேட்டிருக்கிறேன், ஊரைப் பார்த்ததில்லை. குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஆகும் மின்கட்டணம் ஊராட்சியின் கழுத்தை நெரித்தபோது, ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில் அவர்கள் எடுத்த முடிவு துணிச்சலானது. 2006-இல், ஊராட்சிச் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாடி ஒன்றை வாங்கினார்கள். ஓடந்துறையில் அவ்வளவு காற்று இல்லை. அதனால் நூறு கிலோமீட்டருக்கு அப்பால், உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் நிறுத்தினார்கள். மில்காரர்கள் செய்த அதே ஏற்பாடுதான்: அங்கே சுற்றும், இங்கே கழியும். ஊர்த் தேவை போக மிஞ்சியது வாரியத்துக்கு விற்பனையானது. உலக வங்கிக்காரர்கள் முதல் வெளிநாட்டு மாணவர்கள் வரை வந்து பார்த்துப் போனார்கள்.

டீக்கடை அம்மாவிடம் காற்றாடி எங்கே என்று தெரியாதவன்போலக் கேட்டேன். “இங்க இல்லீங்க, உடுமலைப் பக்கம். ஊருக்குச் சொந்தமானது” என்றார். பக்கத்தில் இருந்தவர் அதன் விலையைச் சொன்னார். இன்னொருவர் அந்த விலை தப்பு என்று திருத்தினார். கடன் எப்போது முடிந்தது என்பதில் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. கமுதியிலிருந்து நான் கடந்து வந்த ஊர்களில், தங்கள் தலைக்கு மேலே நின்ற காற்றாடியின் விலையையும் வருமானத்தையும் பற்றிச் சண்டை போட்ட ஒருவரையும் பார்க்கவில்லை. இங்கே கண்ணுக்கே தெரியாத காற்றாடிக்காகச் சண்டை போடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஓடந்துறைக்குப் பின் அரசு நினைத்திருந்தால் காற்றடிக்கும் ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு பங்கு என்று விதி செய்திருக்கலாம், செய்யவில்லை. இனி வரும் பழைய காற்றாடிப் புதுப்பிப்பிலும், கடல் காற்றாலையிலும், சூரியப் பூங்காக்களிலும் அதைச் செய்ய இன்னும் காலம் இருக்கிறது. உங்கள் ஊரில் காற்றாடியோ, பேனலோ, உயர்மின் கோபுரமோ இருந்தால் அடுத்த கிராம சபைக்குப் போங்கள். அதில் ஊருக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்டு, கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.